நூற்றிருபது இறாத்தல் கச்சான்

முதலில் வெள்ளைக் குழாய்தான் போட்டேன்.
பிளாஸ்டிக். தண்ணீருக்கு விற்பது. மலிவு.
தண்ணீரை விடக் காற்றுக்குக் கோபம் அதிகம் என்று
கடைக்காரன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடி நடுப்பகல். உப்புவெளி முழுக்கக் கச்சான்
மணலை அள்ளிக் கதவுகளில் எறிந்துகொண்டிருந்தது.
கொட்டிலுக்குள் நான் பிடித்து அடைத்திருந்த கச்சான்
நூற்றிருபது இறாத்தலில்
ஒரு முழங்கை வளைவைத் தின்றுவிட்டு வெளியே வந்தது.
அந்தச் சத்தத்துக்கு
எதிர்வீட்டுக் கந்தவனத்தார் வயிறு மண்ணில் பட விழுந்தார்.
பிறகு எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.

விரல் நீளச் சில்லொன்று
கொடியில் காய்ந்த சுகிர்தாவின் நீலச் சட்டையைத் துளைத்து
வேம்பில் தைத்து நின்றது.
சட்டைக்குள் அவள் இல்லை.
கிளிப்பைப் போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

பிடுங்கி வந்து என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இரவு முழுக்க அது அங்கேயே கிடந்தது.
விடிய, அதே இடத்தில் சீட்டுக்காசு, எண்பத்திரண்டாயிரம்.
"செம்பு வாங்குங்கோ. கொப்பியில எழுதி வைக்கிறன்."

ஏற்றிவந்தது கிண்ணியா றம்ஸீனின் ஓட்டோ.
வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான்.
போன மாரியில் நான் அதற்கு அடித்த பச்சையில்
நாற்பத்தேழு மீன்கண்.
வாடையைக் குடித்த தொட்டி
தண்ணீரையும் எண்ணெயையும் குழாய்வழி துப்பினால்
பெயின்ட் வட்டம் வட்டமாய் விலகி முழிக்கும்.
மீன்கண் என்றால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.
அவன் சிரிக்கவில்லை. எண்ணியிருந்தான்.

கோட்டையடியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம்.
ஒரு புள்ளிமான் வந்து, நீட்டிக்கொண்டிருந்த முனையில்
மூக்கை வைத்து உஸ் என்றது.
மறுமுனையைப் பிடித்திருந்த என் உள்ளங்கைக்கு
அந்த மூச்சு வந்து சேர்ந்தது, ஈரமாய்.
அந்தச் செம்புக்குள் போன முதல் காற்று.

பிறகு நாலு நாள்.
அறுத்த வாயை உள்ளும் புறமும் தேய்த்துப்
பசை பூசிச் சுவாலையைப் பிடித்தால் ஓரம் பச்சையாகும்.
றம்ஸீனின் பச்சையல்ல, வேறு.
அப்போது ஈயக்கம்பியைத் தொட்டால் போதும்,
இடுக்கு தானாய் உறிஞ்சும், மேல்நோக்கியும்.
சுவர் நீளத்துக்குச் சின்னச் சரிவு.
கிளைகள் எல்லாம் குழாயின் முதுகில் ஏறி
வளைந்து இறங்கவேண்டும்.
தண்ணீருக்கு ஏறத் தெரியாது, அதுதான் வித்தை.
கொம்பிறசருக்கும் செம்புக்கும் நடுவே ஒரு முழம் ரப்பர்.
நேரே பூட்டினால்
ஒன்றின் நடுக்கம் மற்றதின் ஒட்டைக் கழற்றிவிடும்.
"எங்களுக்கு நடுவிலயும் ஒண்டு போட்டிருக்கலாம்,"
கொப்பியோடு நின்றவள் சொன்னாள்.

முள் நூற்றிருபதில் நின்றது.
காலையில் நூற்றுநாலு.
சவர்க்கார நுரை பூசிப் பூசிப் பதினேழு ஒட்டும் பார்த்தேன்,
ஒன்றும் ஊதவில்லை.
இரவு அவள் மின்விசிறியை நிறுத்தினாள்.
கடலைத் தவிர எல்லாம் ஓய்ந்தபின்
கன்னத்தை நனைத்துக்கொண்டு
குழாயோரமாய் அதை நடத்திப் போனாள்.
பன்னிரண்டாவதில் நின்றாள்.
"இஞ்ச. ஊசிக்காத்து."
கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு,
"கச்சான் குளிருது," என்றாள்.

இப்போது ஐப்பசி. வாடை.
காலையில் கடைசி முனையின் வால்வைத் திறக்கிறேன்.
அரைக் கோப்பைத் தண்ணீர், துருநிறம்.
இரவெல்லாம் கடலிலிருந்து வந்தது.
றம்ஸீனுக்கு மறுபடியும் பச்சை, காசில்லாமல்.
அதுவும் கொப்பியில் ஏறியிருக்கிறது.
அடையாளத்துக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளைச் சில்லு.

அவன் டோர்ச்சோடு குந்தியிருக்கிறான்.
"ரெண்டு," என்கிறான்.
போய்ப் பார்க்கிறேன். ஒன்று நுளம்பு.
மற்றதை
நகத்தால் தொட்டுத் தொட்டு
அவன் இன்னும் யோசிக்கிறான்.